கல்பேனித் தீவில் கல்யாணமா? பெர்மிட் எடுப்பதிலிருந்து பந்தியில் உட்காருவது வரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து இரவிபுத்தன்துறை வரையுள்ள எங்கள் கரையில் லட்சத்தீவு என்ற பெயரைக் கேட்காத ஆள் கிடையாது. போட்டில், அதாவது மீன்பிடிப் படகில், ஆழ்கடல் போகிறவர்களுக்கு அது போகிற வழியில் கிடக்கும் இடம். ஆனாலும் தூரத்தில் தென்னை வரிசையைப் பார்த்ததோடு சரி, கரையேறி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சோறு தின்றவர்கள் முன்பெல்லாம் குறைவு. 2017 ஒக்கிப் புயல்தான் அதை மாற்றியது. அந்த நவம்பர் கடைசியில் இஞ்சின் நின்று காற்றோடு போன எங்கள் போட்டுகள் பலவும் லட்சத்தீவில்தான் ஒதுங்கின. என் அம்மாவின் தம்பி போன போட்டு கல்பேனியில் ஒதுங்கியது. உடுத்த துணியைத் தவிர ஒன்றும் இல்லாமல் இறங்கியவருக்குக் கைலி கொடுத்து, சோறு போட்டு, எங்களுக்குப் போன் செய்து ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னது அங்கே ஒரு வீட்டுக்காரர். மாமா அவரை இன்றைக்கும் இக்கா, அதாவது அண்ணன், என்றுதான் சொல்வார், நாங்களும் அப்படியே.

அந்த இக்காவின் தங்கை மகளுக்குக் கல்யாணம் என்று மாமா, அம்மா, நான் என எங்கள் மூன்று பேருக்கும் அழைப்பு வந்தது. போய்விட்டு வந்த பிறகு இதே மாதிரி அழைப்பு வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். இது டூர் போகிறவர்களுக்கு உள்ள குறிப்பு இல்லை. அவர்களுக்குப் பேக்கேஜ் இருக்கிறது, ரிசார்ட் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவர்களுக்குத்தான் இது.

முதல் வேலை பெர்மிட்

இந்தியக் குடிமகன்தானே, டிக்கெட் எடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். தீவுக்காரர் அல்லாத யாரும் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. 1967-இல் போட்ட விதி, அங்குள்ள பழங்குடி மக்களின் நிலத்தையும் வாழ்க்கையையும் காக்க வந்தது, தீவுவாசிகள் கிட்டத்தட்ட எல்லாருமே அட்டவணைப் பழங்குடியினர். கப்பல் டிக்கெட்டுக்கும் இந்தப் பெர்மிட் வேண்டும், ஆகவே இதுதான் முதலில்.

தீவில் இருக்கும் ஒருவர் உங்களைத் தன் பொறுப்பில் அழைப்பதாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இக்காவே அதைச் செய்தார். இங்கே நம் பக்கத்தில் போலீஸ் கிளியரன்ஸ் கேட்டார்கள், ஆதார், போட்டோ, போகும் தீவின் பெயர், தங்கும் நாள் எல்லாம் கேட்டார்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால் விண்ணப்பிக்கும் அன்றைக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்த தவறு, ஆதாரில் ஒரு மாதிரியும் விண்ணப்பத்தில் இன்னொரு மாதிரியும் அம்மாவின் பெயரை எழுதியது. நம் ஊரில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் உள்ளது மூன்றாவது. ஆதாரில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், இல்லையென்றால் எங்களைப் போல இரண்டு வாரம் போகும். அழைப்பு வந்த அன்றே, குறைந்தது ஒன்றரை மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

எந்தத் தீவுக்கு அனுமதியோ அந்தத் தீவுக்கு மட்டும்தான். பக்கத்துத் தீவையும் பார்த்துவிட்டு வரலாமே என்றால் அதையும் முதலிலேயே எழுத வேண்டும். இறங்கியதும் பெர்மிட்டைப் போலீசில் காட்ட வேண்டும், வீட்டுக்காரரே கூட்டிக்கொண்டு போவார். அங்கே நின்றபோது மாமா சொன்னார், "புயலில் வந்தப்போ ஒரு கடுதாசும் கேட்கலை, கல்யாணத்துக்கு வந்தா அஞ்சு கேட்கிறான்." போலீஸ்காரரே சிரித்துவிட்டார்.

கப்பல்

குழித்துறையிலோ பாறசாலையிலோ ரயில் ஏறினால் எர்ணாகுளம். அங்கிருந்து ஆட்டோவில் கொச்சியின் வெல்லிங்டன் தீவு, லட்சத்தீவுக் கப்பல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான். எம்.வி. கவரத்தி என்ற கப்பலில் 700 பேர் போகலாம், அதுதான் பெரியது. மற்றவை சின்னவை. டிக்கெட் ஆன்லைனில் திறந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடும், தீவுக்காரர்களே ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் கொச்சிக்கு வந்து போக அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். பங்க் வகுப்பே போதும், படுக்கை இருக்கிறது, சாப்பாடு கிடைக்கிறது. எந்தத் தீவு, எந்தக் கப்பல், வழியில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம் ஆகும். விமானம் அகத்தித் தீவுக்குப் போகிறது, ஆனால் அகத்தியிலிருந்து கல்பேனிக்கு மறுபடி கப்பல்தான், ஆகவே எங்களுக்கு அதில் லாபமில்லை.

நேரப் பட்டியலை நம்பி அடுத்த நாளே வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். காற்று மாறினால் கப்பல் மாறும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலத்தில் போக்குவரத்து குறைந்துவிடும், கல்யாணங்களையும் பெரும்பாலும் அதற்குத் தகுந்த மாதிரிதான் வைக்கிறார்கள். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரை கையில் இருக்கட்டும். கடல்காரன் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு மாத்திரை என்று நான் எடுத்துப் போகவில்லை. அந்த இரவு என்ன நடந்தது என்பதை எழுதப்போவதில்லை. மாமா மட்டும் நிம்மதியாகத் தூங்கினார்.

பல தீவுகளில் பெரிய கப்பல் கரையை அணையாது. சுற்றிலும் பவளத்திட்டு, அதற்குள்ளே ஆழமில்லாத பச்சைத் தண்ணீர். வெளிக்கடலில் கப்பல் நிற்க, சின்னப் படகு பக்கத்தில் வரும், அலை படகைத் தூக்கும்போது கால் வைக்க வேண்டும், தாழும்போது வைக்கக் கூடாது. கப்பல் ஆட்கள் இரண்டு கையையும் பிடித்து இறக்குவார்கள். சேலை உடுத்தியவர்களுக்கு இது கஷ்டம், அம்மாவுக்குச் சுரிதார் போடச் சொன்னேன், அவளுடைய 58 வயதில் முதல் சுரிதார் அது. இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பைகளை அவர்களே இறக்கித் தருவார்கள்.

என்ன கொண்டுபோவது

தீவில் தேங்காய் இருக்கிறது, மீன் இருக்கிறது. மற்றது எல்லாம் கப்பலில் வர வேண்டும். காய்கறி, வெங்காயம், பழம், பந்திக்கு அறுக்கும் ஆடுமாடுகூட. ஆகவே நாம் இங்கே கொண்டுபோவதற்கு வெட்கப்படும் சாமான்தான் அங்கே மதிப்புள்ளது. முருங்கைக்காய், சேனை, நேந்திரங்காய், நல்ல புளி கொண்டுபோனோம், இக்காவின் உம்மா முருங்கைக்காயைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பழம் மட்டும் கவனம். நம் ஊர் மட்டிப்பழம் ஒரு குலை கொண்டுபோனேன், கப்பலின் கீழ்த்தட்டுச் சூட்டில் இறங்கும்போது கறுத்துக் குழைந்துவிட்டது. காய்வெட்டாகத்தான் கொண்டுபோக வேண்டும். தோவாளைப் பூவும் அப்படியே, பிச்சிப்பூவை ஈரத்துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்ததால் பாதி பிழைத்தது.

மது கூடவே கூடாது. டூரிஸ்டுகள் தங்கும் பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மதுவிலக்கு. அதைவிட, நீங்கள் யார் வீட்டில் தங்குகிறீர்களோ அவருடைய மானம் போய்விடும். கல்யாணத்துக்கு ஒரு பாட்டில் இல்லாமலா என்று கேட்கும் நண்பரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பணம் கொஞ்சம் ரொக்கமாக. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடிக் கேபிள் திறந்த பிறகு நெட் நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் எல்லாக் கம்பெனி சிம்மும் எடுக்கும் என்று எண்ண வேண்டாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: அது யார் வீடு

அழைப்பு வந்தபோது அம்மா கேட்டாள், "தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், அதுக்கு இவரு இவ்வளவு தூரம் ஆள் கூப்பிடுகாரே, சொந்த மகளுக்கு என்ன செய்வாரு?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் அங்கே நீங்கள் செய்யக்கூடிய தவறில் முக்கால்வாசி குறைந்துவிடும், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தீவு முழுக்க முஸ்லிம்கள், சுன்னி, ஷாஃபி வழி. ஆனால் குடும்பம் தாய் வழி. வீட்டுக்குத் தரவாடு என்று பெயர், பிள்ளைகள் அம்மாவின் தரவாட்டைச் சேர்ந்தவர்கள். இக்காவுக்குத் தன் தங்கை மகள்தான் சொந்தத் தரவாட்டுப் பிள்ளை. அவருடைய சொந்த மகள் மனைவியின் தரவாட்டுப் பிள்ளை, அந்தப் பெண்ணின் கல்யாணத்தை அந்த வீட்டுத் தாய்மாமன் முன்னால் நின்று நடத்துவார், இவர் தகப்பனாக நிற்பார். மூத்த தாய்மாமனுக்குக் காரணவர் என்று பெயர்.

பழைய வழக்கப்படி கல்யாணம் ஆனாலும் மாப்பிள்ளை குடிமாறுவதில்லை. இரவில் மனைவி வீட்டுக்குப் போவார், விடிந்ததும் தன் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவார், வேலை, வருமானம் எல்லாம் அங்கே. இன்றைக்குப் பலர் மனைவியோடு தனி வீட்டில் இருக்கிறார்கள், அரசாங்க வேலைக்காரர்கள் வேறு தீவில் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். ஆனாலும் நாங்கள் தங்கிய தெருவில் காலைத் தொழுகை முடிந்து ஆண்கள் ஒவ்வொருவராக அம்மா வீட்டுக் காப்பிக்கு வருவதை என் கண்ணால் பார்த்தேன். இதைப் பார்த்துக் கேலி பேச வாய் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

சொத்திலும் இரண்டு வகை, இரண்டுக்கும் கிழமைப் பெயர். வெள்ளியாழ்ச்சைச் சொத்து என்பது தரவாட்டின் பொதுச்சொத்து, பெண் வழியாக இறங்கும், யாரும் பிரித்து விற்க முடியாது. திங்களாழ்ச்சைச் சொத்து என்பது ஒருவர் தானே சம்பாதித்தது, அது ஷரியத்துப்படி வாரிசுகளுக்குப் போகும். ஒரே தோட்டத்தில் இந்தத் தென்னை வெள்ளி, அந்தத் தென்னை திங்கள் என்று காட்டுவார்கள். தாய்வழிப் பழக்கமும் மார்க்கச் சட்டமும் முட்டிக்கொள்ளாமல் இருக்க இதைவிட எளிய ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றக் கூடாது. நாஞ்சில் நாட்டு வேளாளர்கள் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் மருமக்கள் வழியில்தானே இருந்தார்கள், 1926-இல் திருவிதாங்கூர்ச் சட்டம் வந்த பிறகுதானே அது போனது. கேரளத்தில் 1975-இல் இந்துக் கூட்டுக்குடும்பத்தை ஒழித்துச் சட்டம் போட்டார்கள். நம் பக்கத்தில் வழக்கு, கோர்ட்டு என்று அழிந்துபோன ஒன்று அங்கே கல்யாணப் பந்தலில் உயிரோடு நிற்கிறது. எங்கள் கரையை எடுத்துக்கொண்டாலும், ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் மாதம் ஒன்று ஆகும் திரும்ப, வீட்டை நடத்துவது, கடனை அடைப்பது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் பெண்கள்தான். தீவிலும் அந்தக் காலத்தில் ஆண்கள் ஓடத்தில் கயிறும் கொப்பரையும் ஏற்றி மலபார்க் கரைக்குப் போய் அரிசி கொண்டுவந்தார்கள், வீட்டில் மட்டை ஊறப்போட்டுக் கயிறு திரித்தது பெண்கள். இரண்டு ஊரிலும் வேலை ஒன்றேதான். அவர்கள் வீட்டுக்கு அம்மாவின் பெயரை வைத்தார்கள், நாம் அப்பாவின் பெயரை வைத்துவிட்டோம். இது என் கணக்கு, ஆராய்ச்சிக்காரர்கள் வேறு சொல்லலாம்.

சரி, இதனால் விருந்தாளி செய்ய வேண்டியது என்ன? வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் சலாமும் முதல் பையும் வீட்டின் மூத்த பெண்மணிக்கு. அடுத்து காரணவர். பெண்ணின் தகப்பனாரைப் பார்த்து, "உங்கள் வீட்டுக் கல்யாணம் ஜோராக நடக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். அவர் மரியாதையாகச் சிரித்து, "இது அவர்கள் வீடு, நானும் உங்களைப் போல வந்தவன்தான்" என்றார்.

பேச்சு

பள்ளியில் படிப்பது மலையாளம், வீட்டில் பேசுவது ஜசரி. மலையாளமும் பழந்தமிழும் அரபியும் கலந்தது. நமக்கு ஒரு நாளில் காது பழகிவிடும். சொல்லின் முதலில் வரும் பகரம் ஃபகரம் ஆகும், பெண் அங்கே ஃபெண், சோறு ஷோறு. நாம் பேசும் விளவங்கோட்டுத் தமிழை அவர்கள் சிரமமில்லாமல் பிடித்துக்கொண்டார்கள், நான் கஷ்டப்பட்டுப் பேசிய புத்தக மலையாளம்தான் அவர்களுக்குச் சிரிப்பு. ஆகவே நம் பேச்சையே மெதுவாகப் பேசுங்கள்.

ஒரு கேள்வி மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் பழகிய ஐந்து நிமிடத்தில் "நீங்க என்ன ஆளு" என்று சுற்றி வளைத்துக் கேட்டுவிடுவோம். அங்கேயும் பழைய பிரிவுகள் உண்டு, ஓடம் வைத்திருந்த கோயா, ஓடம் ஓட்டிய மால்மி, தென்னை ஏறிய மேலாச்சேரி என்று. கல்யாண உறவில் அது இன்னும் அங்கங்கே எட்டிப் பார்க்கும். விருந்தாளிக்கு அதில் வேலை இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாட்கள்

இரண்டு நாள் முன்னால் போய்விடுங்கள், உண்மையான கல்யாணம் அப்போதுதான். கல்பேனி மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, 2011 கணக்கெடுப்பில் நாலாயிரத்துச் சொச்சம் பேர், ஆகவே அழைப்பு என்பது ஏறத்தாழ ஊருக்கே. பந்தல் போடுவது, தேங்காய் உரிப்பது, அண்டா தூக்குவது என்று அக்கம்பக்கத்து ஆண்கள் சொல்லாமலே வந்து நிற்பார்கள். கேட்டரிங் ஆட்களைத் தேடாதீர்கள். நீங்களும் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியிடம் யாரும் பேச வர மாட்டார்கள். நான் தேங்காய் துருவினேன், மாமாவை மீனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சூரை பிடிப்பதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். வலை கிடையாது. உயிருள்ள சின்ன மீனைக் கடலில் வீசி, தண்ணீரைத் தெளித்து, சூரைக் கூட்டத்தை மேலே வரவைத்து, நீளக் கம்பில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் எறிவார்கள். மாமா வலைக்காரர், அன்று முழுக்க அந்தக் கம்பைப் பற்றித்தான் பேச்சு. பிடித்ததில் ஒரு பங்கு பந்திக்கு. மீதியை வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்தால் மாசி. தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கம் சம்பலுக்குப் போடும் அதே மாசி.

பெண்கள் பக்கம் கிலாஞ்சி சுடுவார்கள். அரிசி மாவும் முட்டையும் கலந்து, துணி மாதிரி மெல்லிசாக ஊற்றிச் சுட்டு மடித்து அடுக்குவது. தேங்காய்ப்பாலில் சர்க்கரையும் வாழைப்பழமும் போட்ட இனிப்பில் நனைத்துச் சாப்பிட வேண்டும். விசேஷ வீடு என்றால் இது இல்லாமல் இருக்காது. அம்மா அவர்களோடு உட்கார்ந்து சுட்டுப் பார்த்தாள், முதல் நாலும் கிழிந்தது, ஐந்தாவதைத் தட்டில் வைத்து எல்லாருக்கும் காட்டினார்கள். பெண்கள் உடுத்துவது இடுப்பில் காச்சியும் தலையில் தட்டமும். அம்மாவுக்கும் ஒரு தட்டம் கொடுத்தார்கள், சர்ச்சுக்கு முக்காடு போடுபவள்தானே, அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள். தீவின் நடுவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது, கிணற்றில் இறைப்பது அதைத்தான். நிறைய இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். மோட்டார் போட்டு அரை மணி குளிக்கிற பழக்கம் அங்கே செல்லாது, ஒரு வாளி போதும்.

நிக்காஹ் அன்று

நிக்காஹ் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், கண் சிமிட்டினால் தவறவிடுவீர்கள். காஜியார் முன்னால் சாட்சிகள் இருக்க, பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இன்ன மஹருக்கு என் மகளை உனக்கு நிக்காஹ் செய்து தருகிறேன் என்கிறார், மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்கிறார், துவா, முடிந்தது. பெண் அந்த இடத்தில் இருப்பதில்லை, மேடையில் ஜோடியாக உட்காரவைத்து நாம் வரிசையில் நின்று போட்டோ எடுக்கும் அந்தக் காட்சியைத் தேடாதீர்கள். மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது, பெரும்பாலும் தங்கம், அது அவளுக்கே சொந்தம். பவுன் கணக்குக் கேட்டுப் பழகிய நம் மாவட்டத்துக்காரர்கள், இங்கே கணக்கு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று கொஞ்சம் கவனிக்கலாம்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? தாய்வழி வீடு, ஆனால் கையைப் பிடித்துக் கொடுப்பவர் தகப்பன். மார்க்கப்படி வலீ, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளர், அவர்தான். அந்தப் பத்து நிமிடம் அவருடையது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள விருந்து, உபசாரம், யாரை எங்கே உட்காரவைப்பது எல்லாம் தரவாட்டினுடையது. இக்கா அன்று ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. நம் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட்டு, சீர் வைத்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். அங்கே தாய்மாமன்தான் பந்தியையே நடத்துகிறார்.

நிக்காஹ் பள்ளிவாசலில் என்றால், மாற்று மதத்தவர் உள்ளே வரலாமா, எங்கே நிற்கலாம் என்று வீட்டுக்காரரிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். கேட்பதில் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். ஆண்களுக்கு வெள்ளை வேட்டி, சட்டை போதும். பந்தி ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, கணவன் மனைவியாகப் போகிறவர்கள் அன்று முழுக்கப் பிரிந்துதான் இருப்பீர்கள். பெண்கள் இருக்கும் பக்கம் போனைத் தூக்காதீர்கள். கல்யாணப் பெண்ணைப் போட்டோ எடுக்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டுப் பெண் போய்க் கேட்டு எடுக்கட்டும், ஸ்டேட்டஸில் போடவும் கேட்கட்டும்.

சுருள், அதாவது மொய், எப்படி வைப்பது என்பதுதான் எல்லாரும் கேட்பது. நம் ஊர் மாதிரி மாப்பிள்ளை கையில் நூறு பேர் பார்க்கக் கொடுக்க வேண்டியதில்லை. நாங்கள் முதல் நாள் இரவே கவரைப் பெண்ணின் உம்மா கையில் கொடுத்தோம், கூட ஒரு பட்டுத்துணி. எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற பாரம் அவர்களுக்கு வரும்.

மாலையில் மாப்பிள்ளை வீட்டார் ஊர்வலமாகப் பெண் வீட்டுக்கு வருவார்கள், நேரம்தான் யாருக்கும் தெரியாது, காத்திருங்கள். ஆண்கள் கோல்களி ஆடுவார்கள், வட்டத்தில் கோல் தட்டிச் சுழல்வது, நம் மாவட்டத்துக் களியலைப் பார்த்தவர்களுக்குக் கால் தானாகத் தாளம் போடும். பரிசகளி என்று வாளும் கேடயமும் வைத்து ஒன்று உண்டு. உள்ளே பெண்கள் கைதட்டி ஒப்பனப் பாட்டு, அதன் சத்தம் மட்டும்தான் எனக்குக் கிடைத்தது, பார்த்துவிட்டு வந்து சொன்னது அம்மா.

மினிக்காய்க்கு அழைப்பு வந்தவர்கள்

மேலே சொன்னதில் பாதியை மறந்துவிடுங்கள். மினிக்காய் தெற்கே தனியாகக் கிடக்கும் தீவு, பேச்சு மஹல், அது மாலத்தீவுப் பேச்சின் உறவு, மலையாளம் தெரிந்தவர்கள் உண்டு என்றாலும் வீட்டுப் பேச்சு உங்களுக்குப் புரியாது. அங்கே மாப்பிள்ளை இரவில் வந்து காலையில் போவதில்லை, மனைவி வீட்டிலேயே தங்கிவிடுவார். தீவு பல ஊர்களாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு ஊருக்கும் ஆண்களுக்கு ஒரு மூப்பனும் பெண்களுக்கு ஒரு தலைவியும் உண்டு, விசேஷ வேலைகளை ஊரே சேர்ந்து பங்கு போட்டுச் செய்கிறது. 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை எங்கள் போட்டுக்காரர்கள் எல்லாரும் அறிவார்கள். நான் அங்கே கல்யாணத்துக்குப் போனதில்லை, போனவர் சொன்னதில் உறுதியானதை மட்டும் எழுதுகிறேன்.

திரும்பும்போது

கரையில் கிடக்கும் பவளத்துண்டையோ பெரிய சிப்பியையோ நினைவுக்காகப் பையில் போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், சோதனை உண்டு. கல்பேனியின் கிழக்குக் கரையில் 1847 புயல் தூக்கிப் போட்ட பவளப்பாறைக் குவியல் இன்றும் கிடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மாமா அதன் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், நானும் கூப்பிடவில்லை.

வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். மாசி, தேங்காயும் தீவுச் சர்க்கரையும் சேர்த்து உருட்டி வாழைச்சருகில் சுற்றிய உருண்டை, தேங்காய் எண்ணெய். மாசியை மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, துணிப்பையிலிருந்து தள்ளி வையுங்கள். நான் ஒரு கவரோடு விட்டேன், எர்ணாகுளத்திலிருந்து குழித்துறை வரைக்கும் ரயிலில் எங்கள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

நம் ஊர்க் கரை பிடித்ததும் போன் போட வேண்டும், கொச்சியிலிருந்து போட்டால் கணக்கில்லை. நான் வெல்லிங்டன் தீவில் இறங்கிய உடனே கூப்பிட்டு வந்து சேர்ந்தோம் என்றேன். இக்கா கேட்டுவிட்டு, "வீட்டில் எத்தியோ?" என்றார். இல்லை, இனி ரயில் ஏற வேண்டும் என்றேன். "அப்போ எத்திட்டு விளி" என்று வைத்துவிட்டார்.